பொடக்காளியில் ஒன்பது மாடங்கள்

துடியலூர்
9.6.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று ஆபீஸில் சென்னகேசவன் சார் என்னைக் கூப்பிட்டு, "இந்த வேலையை முழுசா நீயே பாத்துக்கம்மா, படத்துல என் பேரு கடைசியில இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷமாக அடுத்தவர் யோசித்ததற்கு நான் வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். இனி என் யோசனைக்கு நானே கோடு போடப்போகிறேன். தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறவரின் தங்கை என்று யாராவது சொன்னால் இனிமேல் திருத்திவிடு, மெர்சியின் அண்ணன்தான் லாரி ஓட்டுகிறான் என்று.

வேலை காங்கேயத்தைத் தாண்டி, செங்காட்டுத் தோட்டம் என்கிற பண்ணை வீட்டில். வீட்டுக்காரர் பெயர் பாலுசாமி. தேங்காயெண்ணெய் மில் வைத்திருக்கிறார். மகள் பிரவீனாவுக்கு ஆவணியில் கல்யாணம். வீட்டின் முன்பக்கத்தைத் தொடவேண்டாமாம். அம்மா பொடக்காளி என்று சொல்லுவாளே, அந்தப் பின்பக்கத்தை மட்டும் புதிதாக்க வேண்டும். "பாக்கறதுக்கு மாடர்னா இருக்கோணும், ஆனா கூட்டற வேலை, தண்ணி ஊத்தற வேலை ஒண்ணும் இருக்கப்படாது" என்கிறார் பாலுசாமி. "முந்தியெல்லாம் இந்தப் பொடக்காளில எந்நேரமும் பத்துப்பேரு நிப்பாங்கம்மிணி. இப்பக் கூட்டறதுக்கு ஒரு ஆளு கெடையாது. அத்தனை சனமும் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போயாச்சு."

புல்தரை வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அந்த வறட்சிக்குப் புல் வளர்ப்பது ஆனைக்குச் சோளப்பொரி போடுகிற கதை. தரை முழுக்கக் கடப்பைக் கல், நடுநடுவே கூழாங்கல், மழை பெய்தால் ஒரு மூலைக்கு ஓடுகிற மாதிரி வாட்டம். செடி என்றால் அரளி, கற்றாழை, காகிதப்பூ. அவற்றுக்கும் சொட்டுநீர்க் குழாய். ஒரு வேப்பமரம் இருக்கிறது. இலை கொட்டுகிறதென்று வெட்டச் சொன்னார். சண்டை போட்டுக் காப்பாற்றினேன்.

எல்லாவற்றையும் விட அழகு ஒரு சுவர்தான். மாட்டுக் கொட்டகையைப் பிரித்ததும் அதன் பின்னால் பழைய கல் சுவர் ஒன்று தெரிந்தது. அதில் முழங்கால் உயரத்தில், ஒரே வரிசையாக ஒன்பது மாடங்கள். ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் நுழைகிற அளவு. எந்தக் காலத்தில் யார் விளக்கு வைத்தார்களோ! ஒவ்வொரு மாடத்திலும் மஞ்சள் விளக்கு ஒன்று பொருத்தப்போகிறேன். கல்யாண விருந்தன்று சாயங்காலம் ஒன்பதும் எரிந்தால் எப்படி இருக்கும், நினைத்துப் பார். படத்தைப் பார்த்துப் பிரவீனா கை தட்டினாள்.

பாலுசாமியின் மனைவி ராசாத்தாள் அதிகம் பேசுவதில்லை. "ஏனுங் அம்மிணி, உங்களுக்கு எந்தூருங்?" என்று மட்டும் கேட்டார். வால்பாறை என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

நம் அம்மாவுக்கும் காங்கேயம் பக்கம்தானே? எந்த ஊர் என்று கேட்டு எழுது. ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்புத் தங்கை,
மெர்சி


வால்பாறை
16.6.1996

மெர்சிக்கு,

உன் கடிதம் வந்தது. உனக்குத் தனியாக வேலை கொடுத்தது சந்தோஷம். இங்கே மழை விடவில்லை. லாரிச் சக்கரத்தை விட என் காலில்தான் சேறு அதிகம்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கியபடி சிரித்துக்கொண்டே கேட்டாள். தோட்டத்துப் பெயர் வந்ததும் கை நின்றுவிட்டது. சுவரைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது, "அது இன்னும் இருக்குதா?" என்றாள். அப்புறம் விறகு எடுத்து வருகிறேன் என்று மழையில் இறங்கிப் போனாள். வீட்டுக்குள்ளே ஒரு வாரத்துக்கான விறகு அடுக்கி வைத்திருக்கிறது.

அந்த வேலை உனக்கு வேண்டாம். சாரிடம் வேறு வேலை கேள். காரணம் கேட்காதே. "அவகிட்டச் சொல்லிப்போட்டீன்னா நான் உன்னோட பேசமாட்டேன்" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். என்னை நடுவில் நிறுத்தாதே.

உன் அண்ணன்,
ரூபன்


துடியலூர்
30.6.1996

அண்ணா,

இரண்டு வாரம் கோபத்தில் எழுதவில்லை. இப்போதும் கோபம் தீரவில்லை.

ஒரு வார்த்தை, "நல்லாச் செய் கண்ணு" என்று அம்மா சொல்லியிருக்கக் கூடாதா? பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தபோது எஸ்டேட் லைன் வீடு முழுக்க மிட்டாய் கொடுத்தவள்தானே? காரணம் சொல்லாமல் வேலையை விடு என்றால் விடுவதற்கு இது என்ன சொப்பு விளையாட்டா? சாரிடம் போய் என்ன சொல்லட்டும், எங்கள் அம்மா மழையில் விறகு எடுக்கப் போய்விட்டாள் என்றா? விடமாட்டேன். கல் பாதிக்கு மேல் பதித்தாகிவிட்டது. கொத்தனார் மருதாசலம் அண்ணன் வாட்டம் பார்த்துப் பார்த்துப் போடுகிறார். விளக்குக்கு வயர் இழுத்து, ஒன்பது மாடத்துக்கும் துளையும் போட்டாகிவிட்டது.

ஆனால் இரண்டு விஷயம் உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். வேறு யாரிடம் சொல்லுவேன்?

மூன்றாவது தடவை போனபோது எனக்குக் காப்பி பிளாஸ்டிக் கப்பில் வந்தது, குடித்துவிட்டு வீசுகிறோமே, அந்த வெள்ளைக் கப். கொத்தனார் ஆட்களுக்கு ஆரம்பத்திலிருந்தே அதில்தான். "கழுவற வேலை மிச்சம் பாரு புள்ளே, குடிச்சமா வீசுனமான்னு இருக்கலாம்" என்றார் பாலுசாமி. முதலில் வாங்க அம்மிணி, உக்காருங்க அம்மிணி என்றவர். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன், அவரும் பிரவீனாவும் எவர்சில்வர் டம்ளரில்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. போன வியாழன் பாலுசாமி மில்லுக்குப் போயிருந்தார். ராசாத்தாள் பொடக்காளிக்கு வந்து, யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார். "உங்க அண்ணன் கருப்பணன் சௌக்கியமா?"

எனக்குக் கருப்பணன் என்று யாரும் இல்லைங்க, என் அண்ணன் பெயர் ரூபன் என்றேன். "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

யார் அண்ணா கருப்பணன்?

மெர்சி


வால்பாறை
7.7.1996

அன்புள்ள மெர்சிக்கு,

நான்தான் கருப்பணன்.

ஏழு வயது வரைக்கும் எனக்கு அதுதான் பெயர். ரூபன் என்பது இங்கே வந்து சர்ச்சில் சேர்ந்த பிறகு வைத்தது. இருபத்திரண்டு வருஷம் கழித்து உன் கடிதத்தில் அந்தப் பெயரைப் பார்த்தேன். அம்மா பேசாவிட்டால் பேசாமல் போகட்டும், சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தேன். அவளிடமே போய்க் கேட்டேன். "எழுதிப்போடு. அவளும் தெரிஞ்சுக்கட்டும்" என்றாள்.

அம்மாவும் அப்பாவும் அந்தத் தோட்டத்துப் பண்ணையாட்கள். அப்பாவின் அப்பாவும் அங்கேதான். நம்மவர்கள் ஒன்பது குடும்பம். யாரும் முன்வாசல் பக்கம் போகக் கூடாது. எல்லாம் பொடக்காளி வழிதான், எல்லாம் பொடக்காளியோடுதான். அந்த மாடங்களில் யாரும் விளக்கு வைத்ததில்லை, மெர்சி. ஒரு வீட்டுக்கு ஒரு மாடம். அதில் அந்த வீட்டுக் கொட்டாங்குச்சி இருக்கும். கூழோ தண்ணீரோ கேட்டால் எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். அவர்கள் எட்ட நின்று மேலேயிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டு நாமே கழுவி, மாடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். முழங்கால் உயரம் என்று எழுதியிருந்தாயே. குனிந்து எடுக்கத்தான் அந்த உயரம். வேப்பமரத்துப் பக்கமிருந்து மூன்றாவது மாடம் நம்முடையது.

நீ அப்போது அம்மா வயிற்றில். கடலை பிடுங்குகிற காலம், நல்ல வெயில். அம்மாவுக்கு மயக்கம் வந்து பொடக்காளியில் உட்கார்ந்துவிட்டாள். ராசாத்தாள் அப்போது புது மருமகள். ஓடிவந்து, கையில் இருந்த பித்தளை டம்ளரில் அப்படியே தண்ணீர் கொடுத்துவிட்டாள். அம்மாவும் வாங்கிக் குடித்துவிட்டாள். அதை வீட்டுப் பெரியவர், பாலுசாமியின் அப்பா, பார்த்துவிட்டார். டம்ளரைப் பிடுங்கிக் கிணற்றில் எறிந்தார். மருமகளை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவையும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவைக் கூட்டிவரச் சொல்லி, அந்த வேப்பமரத்தில் கட்டி, மாட்டுச் சாட்டையால் அடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பாலுசாமியும் அங்கேதான் நின்றார். என்னைவிடப் பெரிய ஆள், இருபத்தைந்து வயது. வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் எஸ்டேட்டுக்கு ஆள் எடுக்க வந்தவரோடு மலை ஏறிவிட்டோம். நீ இங்கே பிறந்தாய். இந்தப் பிள்ளைக்காவது அது தெரியாமல் இருக்கட்டும் என்று அப்பா சொன்னார். சாகும் வரை அந்தத் தோட்டத்துப் பெயரை அவர் சொல்லவேயில்லை.

உனக்கு அம்மாவின் முகம். ராசாத்தாள் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாள். அவள் வாயிலிருந்து பாலுசாமிக்கும் தெரிந்திருக்கும். கப் ஏன் மாறியது என்று இப்போது தெரிகிறதா?

ரூபன்


துடியலூர்
13.7.1996

அண்ணா,

உன் கடிதத்தை ஹாஸ்டல் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். யார் மீது முதலில் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அவர்கள் மீதா? இருபத்திரண்டு வருஷம் மறைத்த உங்கள் மீதா? அழகு, அழகு என்று குதித்த என் மீதா? ஒன்பது கொட்டாங்குச்சிக்கும் விளக்குப் போட வயர் இழுத்தவள் நான். அந்த மரத்துக்காகச் சண்டை போட்டவளும் நான்தான். அப்பாவைக் கட்டிய மரம்.

வேலையை விடமாட்டேன். இப்போது விட்டால் பயந்து ஓடியது போல ஆகும். நம் அப்பா ஓடியது போதும்.

ஆனால் அந்தச் சுவர் அங்கே இருக்கக் கூடாது. வரும் வெள்ளிக்கிழமை இடிக்கிறேன். அஸ்திவாரம் உளுத்துப்போயிற்று, கல்யாணக் கூட்டத்தில் யார் மேலாவது விழும் என்று சொல்லிவிடுவேன். வேலை நடக்கிற இடத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. கல்லை லாரியில் ஏற்றி ஏதாவது ஒரு பள்ளத்தில் கொட்டச் சொல்லப்போகிறேன். அம்மாவிடம் சொல், வெள்ளிக்கிழமையோடு அது கிடையாது.

மெர்சி


வால்பாறை
22.7.1996

மெர்சி,

என்ன நடந்தது அங்கே?

வியாழக்கிழமைதான் உன் கடிதம் வந்தது. படித்துக் காட்டினேன். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நாளைக்கா?" வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். கிறிஸ்துமஸ் சேலையையும் காணோம். முதல் பஸ்ஸில் பொள்ளாச்சிக்கு ஏறியதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தனியாகப் பொள்ளாச்சி தாண்டிப் போகாத மனுஷி. எனக்கு லோடு இருந்தது, துரத்திக்கொண்டு வர முடியவில்லை. அந்த ஒருநாள் நான் லாரியை எப்படி ஓட்டினேன் என்று கொண்டை ஊசி வளைவுகளைத்தான் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தாள். எங்கே போனாய் என்றால் "மெர்சியப் பாத்துட்டு வந்தேன்." என்ன ஆயிற்று என்றால் "ஒண்ணுமில்ல, அவ நல்லாக் கட்டியிருக்கறா." இன்று கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். நீயாவது முழுசாக எழுது.

ரூபன்


துடியலூர்
11.8.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமானதற்குத் திட்டாதே. வேலை நேற்றோடு முடிந்தது. முடித்துவிட்டே எழுத நினைத்தேன்.

அன்று கடப்பாரை ஆட்கள் வந்து சேர மதியமாகிவிட்டது. மருதாசலம் அண்ணன் சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். முன்னால் கேட் திறக்கிற சத்தம் கேட்டுப் பின்கதவு வழியே எட்டிப் பார்த்தேன். அம்மா. முன்வாசலில்.

பாலுசாமி கூடத்தில் போன் பேசிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்கூட்டியே வந்த உறவு என்று நினைத்துவிட்டார் போல. "வாங் வாங், உக்காருங்" என்று சேரைக் காட்டினார். அம்மா உட்காரவில்லை. "நானு சுப்பையன் சம்சாரமுங்க. பழனியாத்தாளுங்க" என்றாள். அவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார், ஆனால் பேச்சு நின்றுவிட்டது. அம்மா செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கூடத்தின் நடுவே நடந்து, சமையலறையைத் தாண்டி, பொடக்காளிக்கு வந்தாள். அந்த வீட்டுக்குள் இப்போதுதான் முதல்முறை நடக்கிறாள். ஆனாலும் பின்கதவு எங்கே இருக்கிறதென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நேரே சுவரிடம் போனாள். மாடத்தில் நீட்டிக்கொண்டிருந்த வயரைத் தொட்டு, "இது விளக்குக்கா கண்ணு?" என்று கேட்டாள். விளக்கு இல்லைம்மா, இடிக்கப்போகிறேன் என்றேன்.

"வேண்டாம்."

"ஏம்மா?"

"இடிச்சுப்போட்டா இவங்களுக்கு வேலை மிச்சம். நாளைக்கு யாரு கேட்டாலும் இங்க ஒண்ணுமே இருந்ததில்லைன்னு சொல்லிப்போடலாம்ல. விளக்கு வெச்சீன்னா வாரவிய எல்லாம் அழகா இருக்குதும்பாங்க. அது அழகா இருக்கவேண்டாம் கண்ணு. இருக்கறாப்பலயே இருக்கட்டும்."

எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சாட்டையடிக்குப் பிறகுமா அது நிற்க வேண்டும் என்று அவளிடமே கத்தினேன். அதற்குள் பாலுசாமி பின்னால் வந்துவிட்டார். வேர்த்துப் போயிருந்தது. அம்மாவைப் பார்க்காமல் மருதாசலம் அண்ணனைப் பார்த்து, "என்னத்தை வேடிக்கை பாக்கறே? இடிச்சுப்போடு. சாயந்தரத்துக்குள்ள ஒரு கல்லு இருக்கப்படாது" என்றார்.

நான் சொல்ல வந்ததையே அவர் சொன்னார் அண்ணா, வார்த்தைக்கு வார்த்தை. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. "கடப்பாரையைக் கீழே வையுங்கண்ணா" என்றேன். மருதாசலம் அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ராசாத்தாள் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். "அந்தச் செவுரு இருக்கட்டும்ங்க" என்றார் கணவரிடம். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நானு இருக்கற வரைக்கும் இருக்கட்டும். மீறி இடிச்சீங்கன்னா, கல்யாணத்தன்னிக்கு அங்க என்ன இருந்துதுன்னு வாரவிய கிட்டெல்லாம் நானே சொல்லுவேன்." அந்த அம்மாள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பாலுசாமி உள்ளே போய்விட்டார்.

ராசாத்தாளும் உள்ளே போய் ஒரு பித்தளை டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மாவிடம் நீட்டி, "குடி பழனியாத்தா" என்றார். அம்மா வாங்கிக் குடித்தாள், கடைசிச் சொட்டு வரை. பிறகு நான் வைத்த புதுக் குழாயில் டம்ளரைக் கழுவினாள். திருப்பிக் கொடுக்கப்போகிறாள் என்று ராசாத்தாள் கையை நீட்டினார். அம்மா குனிந்து, அதை மூன்றாவது மாடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

ராசாத்தாள் நீட்டிய கையை இறக்கவே இல்லை. அழ ஆரம்பித்துவிட்டார். அம்மா அழவில்லை. "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்த வழியே, கூடத்தின் வழியாகவே, போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் கேட்டேன், பழக்கத்தில் வைத்தாயா, வேண்டுமென்றே வைத்தாயா என்று. "பன்னு ஒண்ணு வாங்கிக்குடு, பசிக்குது" என்றாள். நீ கேட்டால் உனக்கும் அவ்வளவுதான் கிடைக்கும்.

வயரையெல்லாம் பிடுங்கி, துளைகளை அடைத்துவிட்டேன். வேப்பமரத்தை ஒன்றும் செய்யவில்லை. அதற்கு என்ன தெரியும், பாவம். பிரவீனாவுக்கு விளக்கு இல்லையென்று ஏமாற்றம். ஏனென்று அவளுடைய அம்மாவைக் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பாலுசாமி எங்கள் சாருக்குப் போன் போட்டு என்னைப் பற்றி என்னவோ சொல்லியிருக்கிறார். அடுத்த வேலையைப் பற்றிச் சார் இன்னும் வாய் திறக்கவில்லை. திரும்பக் கோடு போடத்தான் உட்கார வேண்டுமோ என்னவோ. பயமாகத்தான் இருக்கிறது.

நேற்று கடைசியாக எல்லாவற்றையும் காட்டி ஒப்படைக்கப் போனேன். மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, வாட்டம் சரியாக இருக்கிறது, ஒரு சொட்டுத் தேங்காது, கூட்ட வேண்டாம், கழுவ வேண்டாம் என்று காட்டினேன். எல்லாருக்கும் பிடித்திருந்தது. காப்பி வந்தது. அவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளர். எனக்கும் மருதாசலம் அண்ணனுக்கும் தட்டின் ஓரத்தில் இரண்டு வெள்ளைக் கப். இத்தனைக்கும் பிறகு, அண்ணா. தட்டைக் கொண்டுவந்தது ராசாத்தாள் இல்லை, பாலுசாமியே.

"எனக்குத் தண்ணி போதுங்க" என்றேன். சுவருக்குப் போனேன். மூன்றாவது மாடத்தில் பித்தளை டம்ளர் அப்படியே இருந்தது, அம்மா கவிழ்த்த மாதிரியே. யாரும் எடுத்துப்போகவில்லை. ஆனால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. எடுத்து, குழாயில் தண்ணீர் பிடித்து, அத்தனை பேரும் பார்க்க நின்றுகொண்டு குடித்தேன். மாப்பிள்ளையின் அப்பா, அது எதற்காகச் சுவரில் இருக்கிறது என்று கேட்டார். ராசாத்தாள் என்னைப் பார்த்தார்.

"எங்கம்மாவோடதுங்க" என்றேன்.

கழுவித் திரும்ப வைக்கப் போனபோது மருதாசலம் அண்ணன் கையை நீட்டினார். அவருக்கும் பிடித்துக் கொடுத்தேன்.

மெர்சி